ஸ்மார்ட்போனை ரீஸ்டார்ட் செய்யாமல் எத்தனை நாள் நம்பி ஓட்டலாம்?

உங்களிடம் யாரோ "தினமும் ராத்திரி ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க, இல்லன்னா போன் சீக்கிரம் போயிடும்" என்று சொல்லிப் பயமுறுத்தியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். கடைக்காரராக இருக்கலாம், ஐடியில் வேலை பார்க்கும் சொந்தக்காரப் பையனாக இருக்கலாம். எனக்கும் அக்கா மகன் ஒருத்தன் இருக்கிறான். பார்க்கும்போதெல்லாம் "மாமா, டெய்லி ஒரு ரீஸ்டார்ட் போடுங்க" என்பான், பல் தேய்க்கச் சொல்வது மாதிரி.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். நல்ல நிலையில் உள்ள ஆண்ட்ராய்டு போன் மூன்று நான்கு வாரம் தாராளமாக ஓடும். மாதாமாதம் செக்யூரிட்டி அப்டேட் வரும் போன் என்றால் அதுவே ரீஸ்டார்ட் கேட்கும், அது போதும். நாலே நாளில் தடுமாறுகிறது என்றால் ஸ்டோரேஜ் நிரம்பிக் கிடக்கிறதா என்று பாருங்கள். இது ஆராய்ச்சி முடிவு இல்லை, என் கையில் ஓடிய போன்களை வைத்துச் சொல்வது. புள்ளிவிவரம் எங்கே என்று கேட்பவர்கள் இங்கேயே விலகிக்கொள்ளலாம்.

சரி, என் கதை. நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். திருச்சியில் இருக்கிறேன். அம்மாவுக்கு 84 வயது, மன்னார்குடிப் பக்கம் கிராமத்தில் தனியாக இருக்கிறாள். என் பழைய போனைத் துடைத்து, ஒரு சிம் போட்டு, கூடத்து அலமாரியில் ஸ்டாண்டில் நிறுத்தி, எப்போதும் சார்ஜரில் இருக்கும்படி வைத்திருந்தேன். அவள் எடுத்துப் பேசினால் போதும், வேறு எந்த வேலையும் அதற்கு இல்லை. கரண்ட் போனாலும் பேட்டரி தாங்கும். அதனால் அணையவே அணையாது.

ஒருமுறை ஊருக்குப் போயிருந்தபோது சும்மா நோண்டினேன். செட்டிங்ஸில் 'அபௌட் போன்' உள்ளே 'ஸ்டேட்டஸ்' என்று ஒன்று இருக்கும், அதில் 'அப் டைம்'. கடைசியாக ஆன் ஆனதிலிருந்து எவ்வளவு நேரம் ஆகிறது என்ற கணக்கு. அது நாள் கணக்கில் காட்டாது. 3914:22:07 என்று இருந்தது, விநாடி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கரண்ட் பில்லின் பின்பக்கத்தில் 24-ஆல் வகுத்துப் பார்த்தேன். 163 நாள்! எனக்குக் கர்வம் தாங்கவில்லை. ஸ்கிரீனைப் படம் எடுத்துக் குடும்ப குரூப்பில் போட்டு, அக்கா மகன் பெயரையும் டேக் செய்தேன். அவன் ஒரு கட்டைவிரலை மட்டும் அனுப்பினான்.

ஒன்பது நாள் கழித்து அம்மாவுக்குக் கூப்பிட்டால் "தொடர்பு எல்லைக்கு வெளியே உள்ளார்" என்று வந்தது. டவர் பிரச்சினை என்று விட்டுவிட்டேன். மறுநாளும் அதே பதில். அன்று ராத்திரி அக்காவும் தம்பியும் ஆளாளுக்குப் போட்டுப் பார்த்துவிட்டு என்னைக் கேட்க, எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. பக்கத்து வீட்டு மருமகளைக் கூப்பிட்டு ஓடிப் போய்ப் பார்க்கச் சொன்னேன். அந்தப் பெண் தன் போனை அம்மா காதில் வைத்தாள்.

"ரெண்டு நாளா ஒருத்தருமே கூப்பிடலையேடா தம்பி. எல்லாரும் சேந்து எங்கயோ டூர் போயிட்டீங்கன்னு நெனச்சேன்."

அம்மா நன்றாகத்தான் இருந்தாள். போனும் பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. மணி சரி, சார்ஜ் 100, டவர் கோடு நாலும் முழுசு. ஆனால் ஒரு கால் உள்ளே வரவில்லை. பவர் பட்டனை அழுத்தி ரீஸ்டார்ட் செய்யச் சொன்னேன். ஆன் ஆன அடுத்த நிமிடம் மிஸ்டு கால் மெசேஜ்கள் வரிசையாக வந்து விழும் சத்தம் எனக்கே கேட்டது.

ஏரோப்ளேன் மோடைப் போட்டு எடுத்திருந்தாலே போதும் என்று யாராவது கமென்ட்டில் வருவீர்கள். தெரியும் ஐயா. 84 வயதில் தனியாக இருப்பவளுக்கு, போன் செத்துக் கிடப்பதே தெரியாதபோது, ஏரோப்ளேன் மோடை யார் போடுவது?

நான் புரிந்துகொண்டது இது. போனுக்குள் ஓடுவது ஒரே ஒரு கம்ப்யூட்டர் இல்லை. டவரோடு பேச மோடம் என்று ஒரு பகுதி தனியாக இருக்கிறது, அதற்குத் தனி சாஃப்ட்வேர். நாம் பார்க்கிற ஆண்ட்ராய்டு, மோடம் கடைசியாகச் சொன்னதை ஸ்கிரீனில் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். மெமரி குறைந்தால் பின்னால் கிடக்கும் ஆப்களை ஆண்ட்ராய்டே கொன்று இடம் பண்ணிக்கொள்ளும், அதனால் அந்தக் காலக் கம்ப்யூட்டர் மாதிரி நாள் ஆக ஆக மூச்சு முட்டி நிற்பது இப்போது குறைவு. மாட்டிக்கொள்வது இந்த மாதிரி மூலைகளில்தான். 'அப் டைம்' ஓடிக்கொண்டே இருக்கும், போன் வேலை செய்யாது.

இந்தப் பைத்தியக்காரத்தனம் போனுக்கு மட்டும் உள்ளது இல்லை. விண்டோஸ் 95, 98 இரண்டும் 49.7 நாள் தொடர்ந்து ஓடினால் நின்றுபோகும் என்று 1999-ல் கண்டுபிடித்தார்கள். மில்லி செகண்டை 32 பிட்டில், அதாவது 0 அல்லது 1 மட்டும் எழுதக்கூடிய 32 கட்டங்களில், எண்ணினால் அத்தனை நாளில் எண் தீர்ந்து மறுபடி பூஜ்யத்துக்கு வந்துவிடும். அதற்குள் அது தானாகவே பத்துத் தடவை தொங்கிவிடும் என்பதால்தான் அவ்வளவு வருஷம் யார் கண்ணிலும் படவில்லை போலும். போயிங் 787-ல் ஜெனரேட்டர் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் 248 நாள் அணைக்காமல் ஓடினால் மின்சாரமே போய்விடலாம் என்று 2015-ல் அமெரிக்க விமானத் துறை உத்தரவு போட்டது. மருந்து என்ன தெரியுமா? அதற்குள் ஒருமுறை அணைத்துப் போடுங்கள். ஆண்ட்ராய்டு நேரத்தை 64 பிட்டில் எண்ணுகிறது, நம் ஆயுசுக்குள் தீராது. எனக்கு அந்தப் பயம் இல்லை.

சரி, மறுபடி அம்மா போனுக்கு வருவோம். அக்கா மகனிடம் தோற்றுவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒருமுறை விடியற்காலை 3 மணிக்குத் தானாக ரீஸ்டார்ட் ஆகும்படி செட்டிங்ஸில் போட்டுவிட்டு வந்தேன். முதல் தடவை ஆனதுமே அடுத்த கூத்து. காலையில் கூப்பிட்டால் ரிங் போகிறது, அம்மா எடுக்கவில்லை. பத்துத் தடவை. மறுபடியும் பக்கத்து வீட்டுப் பெண்.

"நீதானேடா பேரில்லாத நம்பரை எடுக்காதேன்னே?"

போலீஸ் யூனிபார்மில் வீடியோ காலில் வந்து மிரட்டிப் பணம் பறிக்கிறார்கள் என்று நான்தான் அவளுக்கு அப்படிப் பாடம் எடுத்திருந்தேன். போனுக்கு நாலு இலக்க லாக்கும் போட்டிருந்தேன். ரீஸ்டார்ட் ஆன போன், முதல் தடவை லாக்கைத் திறக்கிற வரைக்கும் உள்ளே இருப்பதையெல்லாம் பூட்டியே வைத்திருக்கும், கான்டாக்ட் பெயர்கள் உட்பட. 2016-ல் வந்த ஆண்ட்ராய்டு 7-லிருந்து அலாரம் அடிக்கும், கால் வரும். ஆனால் 'பெரியவன்' என்ற பெயருக்குப் பதில் வெறும் பத்து இலக்கம். வாட்ஸ்அப்பில் ஒன்றுமே வராது. பாதுகாப்புக்கு நல்ல ஏற்பாடுதான். என் அம்மாவுக்கு மகன் அந்நியனாகிவிட்டான், அவ்வளவுதான்.

பெயரில்லாத நம்பருக்கு ஏன் இப்படிப் பயப்பட வேண்டியிருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். மருந்துக் கடையில் ஒரு அட்டை பாராசிட்டமால் வாங்கினால் "நம்பர் சொல்லுங்க சார்" என்கிறான். துணிக்கடையில் ரெண்டு பனியனுக்கு நம்பர். டீ குடித்தால் மட்டும்தான் இன்னும் கேட்கவில்லை. கொடுக்க மாட்டேன் என்றால் கம்ப்யூட்டர் பில் போடாது என்று பின்னால் நிற்பவர்கள் முன்னால் நம்மைத் தகராறு பிடித்தவனாக்கிவிடுகிறார்கள். அப்புறம் மறுநாளிலிருந்து லோன் வேண்டுமா, பிளாட் வேண்டுமா. நான் எக்ஸ்சேஞ்சில் இருந்த காலத்தில் ஒரு நம்பர் கிடைக்க வருஷக்கணக்கில் காத்திருந்தார்கள். இன்று பனியனுக்கு விலை அந்த நம்பர். விடுங்கள், இது உங்கள் கேள்வி இல்லை.

எக்ஸ்சேஞ்ச் என்றதும் ஞாபகம் வருகிறது. 'இருபத்து நாலு மணி நேரமும் ஓடும் மெஷினெல்லாம் உங்க காலத்துல இல்லையா' என்று பையன்கள் கேட்பார்கள். மத்திய அரசின் தொலைபேசி ஆராய்ச்சி மையமான சி-டாட் செய்த ராக்ஸ் என்ற கிராமத்து எக்ஸ்சேஞ்சைப் பார்த்ததுண்டா? 1986-ல் கர்நாடகாவில் கிட்டூர் என்ற ஊரில் முதலில் வைத்தார்கள். 128 போர்ட் (லைன் மாட்டும் இடம்), ஏசி கிடையாது, கிராமத்துப் புழுக்கத்திலேயே ஓடும். அதில் முக்கியமான கார்டுகள் ஜோடி ஜோடியாக இருக்கும். ஒன்று படுத்தால் மற்றது எடுத்துக்கொள்ளும். ராத்திரி கூட்டம் குறைந்த நேரத்தில் நாங்களே ஒன்றை அணைத்து மற்றதில் ஓடவிட்டுப் பார்ப்போம். ரீஸ்டார்ட் என்றால் எங்களுக்கு அவமானம் இல்லை. லைன் போகாமல் அதைச் செய்தோமா என்பதுதான் பேச்சு. 163 நாளைப் படம் எடுத்துப் போட்டபோது அதை மறந்துவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். உண்மையைச் சொன்னால் அந்தப் போனுக்கு அப்டேட் வருவதே நின்றுபோயிருந்தது. ரீஸ்டார்ட் கேட்க அதற்குக் காரணமே இல்லை.

உங்களுக்கு வாரக் கணக்குதான் வேண்டும் என்றால் அமெரிக்காவின் என்.எஸ்.ஏ. உளவு அமைப்பு 2020-ல் வெளியிட்ட குறிப்பில் வாரம் ஒருமுறை அணைத்துப் போடச் சொல்லியிருக்கிறது. மெமரியில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் வேவு சாஃப்ட்வேர் சில அதில் போய்விடும் என்பதற்காக. நம்மை யார் வேவு பார்க்கப் போகிறார்கள் என்பது வேறு விஷயம். அப்புறம், ஐபோன் 2024-லிருந்து மூன்று நாள் தொடர்ந்து லாக்கிலேயே கிடந்தால் தானே ரீஸ்டார்ட் ஆகிறது. ஆண்ட்ராய்டுக்கும் 2025-ல் அந்த வசதி வந்தது. அதனால் எடுக்காமல் வைத்திருக்கும் போனில் இனி என் மாதிரி ரெக்கார்டு போட நினைப்பவர்கள் ஜாக்கிரதை.

அந்தப் பழைய போனின் முதுகு லேசாக உப்ப ஆரம்பித்ததால் எடுத்துவிட்டேன். வருஷக்கணக்கில் சார்ஜரிலேயே கிடந்த பேட்டரி, வேறென்ன ஆகும். இப்போது அம்மாவுக்குப் புதுப் போன். லாக் போடவில்லை. அதில் பேங்க் ஆப் எதுவும் இல்லை, திட்ட வராதீர்கள். ஆட்டோ ரீஸ்டார்ட்டும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை 7 மணிக்கு நான் கூப்பிடுவேன், பேசி முடித்ததும் "அணைச்சுப் போட்டுட்டுக் கூப்புடுறேன், வை" என்பாள். சாதாரணமாக ரெண்டு நிமிஷத்தில் கூப்பிட்டுவிடுவாள். போன வாரம் பதினொரு நிமிஷம் ஆயிற்று. பால்காரன் வந்துவிட்டானாம்.