அசாத் ஓடியதில் ஈரானுக்கும் ரஷ்யாவுக்கும் என்ன போனது?

பிரிக்பீல்ட்ஸ் மாமாக் கடையில் தே தாரிக் ஆறுவதற்குள் ஒரு தம்பி கேட்டது: "2024 டிசம்பர் 8-இல் சிரியாவின் அதிபர் அசாத் மாஸ்கோவுக்கு ஓடிவிட்டார். ஆள் போனால் ஈரானுக்கென்ன?"

தம்பி, போனது ஆள் மட்டுமில்லை, வழியும்தான். லெபனானில் தன் கூட்டாளி ஆயுதக் குழுவான ஹிஸ்புல்லாவுக்கு ஈரானின் ஆயுதம் தரைவழியாகப் போனது ஈராக், சிரியா தாண்டித்தான். நடுவில் சிரியா கிளர்ச்சியாளர்கள் கைக்கு மாறியதும் சங்கிலி அறுந்தது. அசாத்துக்காக ஈரான் கொட்டிய பணம்? அது திரும்புமா என்ன!

ரஷ்யா கதை வேறு. சிரியாவின் டார்டூஸ் துறைமுகத்தில் தன் கடற்படைத் தளத்துக்கு 2017-இல் 49 ஆண்டுக்கு ஒப்பந்தம் போட்டது. அங்கேயே உள்ள ஹமெய்மிம் விமானத் தளம்தான் ஆப்பிரிக்காவுக்குப் பறக்க அதற்கு இடைத்தங்கல். இரண்டையும் தக்கவைக்க, அசாத்துக்காகத் தான் குண்டு போட்ட அதே கிளர்ச்சியாளர்களிடமே பேச வேண்டியதாயிற்று. 2025 அக்டோபரில் அவர்களின் தலைவராக இருந்த புதிய அதிபர் அல்-ஷரா மாஸ்கோவுக்கே போய்ப் புதினுடன் கைகுலுக்கினார்.