வேட்டை ஓவியம் இருக்கிற இடத்தை எப்படி ஆராயறது?

தொல்லியல் எம்.ஏ. படிக்கிற ஒரு வாசகர் கேட்டிருக்கார்: "எங்க ஊர் மலையில மான் வேட்டை வரைஞ்ச ஒரு பாறை ஒதுக்கு இருக்கு, அங்க நின்னா கீழ ஓடையும் புல்வெளியும் நல்லா தெரியுது, வேட்டைக்காரங்க நோட்டம் பாத்த இடம்னு தீசிஸ்ல எழுதலாமா?"

இப்போதைக்கு எழுதாதீங்க. மலைச்சரிவுல எந்தப் பாறைல ஏறி நின்னாலும் ஓடை தெரியத்தான் செய்யும். அதனால முதல் வேலை, ஓவியமே இல்லாத ஒதுக்குகளையும் தேடிப் போய் பதிவு பண்றது. அதே வகை பாறை, ஆள் உள்ள உக்கார்ற அளவு இடம் இருக்கணும், அவ்ளோதான். எந்தத் திசை பாக்குது, தண்ணி எவ்ளோ தூரம், பள்ளத்துல இருந்து எவ்ளோ உயரம், எல்லாத்தையும் ரெண்டு வகைக்கும் ஒரே மாதிரி குறிங்க. ரெண்டுக்கும் நடுவுல நிஜமாவே வித்தியாசம் இருந்தாதான் உங்ககிட்ட ஒரு வாதம் இருக்கு. ஒரு ஒதுக்கை "காலி"ன்னு எழுதறதுக்கு முன்னாடி போட்டோவை டிஸ்ட்ரெச்ங்கற, மங்கின நிறத்தைத் தூக்கிக் காட்டற சாஃப்ட்வேர்ல போட்டுப் பாருங்க, கண்ணுக்குத் தெரியாத செங்காவி இருந்தா அதுல எழும்பி வரலாம்.

கியூஜிஐஎஸ்ங்கற மேப் போடற சாஃப்ட்வேர் இலவசம், நிலத்தை 30 மீட்டர் கட்டங்களாப் பிரிச்சு உயரம் சொல்ற எஸ்ஆர்டிஎம் டேட்டாவும் இலவசம், அதை வச்சு எங்கருந்து எது தெரியும்னு மேப் போட்டுடலாம். ஆனா 30 மீட்டர் கட்டத்துக்கு உங்க ஒதுக்குக்கு முன்னாடி நிக்கிற குண்டுப்பாறையும் தெரியாது மரமும் தெரியாது, அதனால நேர்ல போய் நின்னு சரிபாக்காம அந்த மேப்பை நம்பாதீங்க. கீழ ஓடையில இருந்து மேல பாத்தா ஓவியம் தெரியுதான்னும் பாருங்க. ஒரு சாண் அளவு மான் உருவத்தைக் கிட்ட வந்தாதான் பாக்க முடியும்னா, அது உள்ள உக்காந்தவங்களுக்காக வரைஞ்சதா இருக்கலாம், வேட்டை நோட்டத்தோட சம்பந்தமே இல்லாமலும் இருக்கலாம்.

அன்னைக்கு நிலம் எப்படி இருந்துச்சுங்கறதும் முக்கியம். நார்வேல ஆல்டான்னு ஒரு இடம், 1985ல உலகப் பாரம்பரியச் சின்னமாச்சு, ரெயின்டீரை வேலிக்குள்ள அடைக்கிற காட்சியெல்லாம் அங்க பாறையில செதுக்கி இருக்கு. பழைய செதுக்கல்கள் இன்னைக்கு கடல் மட்டத்துக்கு சுமார் 26 மீட்டர் மேல கிடக்கு, செதுக்கினப்போ அது கடற்கரை. பனிப்பாறை உருகி பாரம் போனதும் நிலம் மெல்ல எழும்பிடுச்சு. அது தெரியாம இன்னைக்கு மேல நின்னு "என்ன வியூ!"ன்னு எழுதினா மொத்தமும் தப்பாயிடும். நம்ம பக்கம் நிலம் அப்படி எழும்பல, ஆனா ஏரி வெட்டினது, காடு அழிச்சது, ஓடை தடம் மாறினது எல்லாம் நடந்திருக்கு, பழைய சர்வே மேப்பும் ஊர்ப் பெரியவங்களும் அதுக்கு உதவுவாங்க.

இடம் பொருந்தினாலும் அர்த்தம் முடிவாயிடாது. கலிஃபோர்னியா கோசோ மலையில காட்டாடு செதுக்கல்கள் ஏராளம். 1962ல ஹெய்சர், பாம்ஹாஃப்னு ரெண்டு தொல்லியல் ஆய்வாளர்கள் இந்த மாதிரி செதுக்கல்கள் மிருகங்க போற தடத்தோட சேந்து வருதுன்னு காட்டி இது வேட்டை கிடைக்கணும்னு செஞ்ச மந்திரம்னு சொன்னாங்க, பிறகு டேவிட் விட்லிங்கற இன்னொரு ஆய்வாளர் அது பூசாரிகளோட மழைச் சடங்குன்னு வாதாடினார். ஒரே பாறைகள், ரெண்டு விளக்கம். அதனால தீசிஸ்ல இடத்தைப் பத்தின முடிவையும் நோக்கத்தைப் பத்தின ஊகத்தையும் தனித்தனி அத்தியாயமா வைங்க.

காப்புக்காடுன்னா வனத்துறை அனுமதி இல்லாம போகாதீங்க. நிறம் எடுப்பா தெரியணும்னு ஓவியத்து மேல தண்ணி தெளிக்கவே கூடாது, சாக்பீஸ்ல கோடும் போடாதீங்க. ஜிபிஎஸ் எண்ணை உங்க தீசிஸ் கைடுக்கும் தொல்லியல் துறைக்கும் மட்டும் குடுங்க, இன்ஸ்டாகிராம்ல போட்டா அடுத்த மாசமே அந்த மான் மேல யாராவது பேர் எழுதி வச்சிடுவாங்க.