வாஷிங் மெஷின், ஆர்.ஓ., ஏ.சி. கழிக்கும் தண்ணீரை வீட்டிலும் தோட்டத்திலும் எப்படிப் பயன்படுத்தலாம்?

எங்கள் வீடு திருத்துறைப்பூண்டிப் பக்கம். கடைமடை, காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடம். "காவிரி பாயுற ஊர்ல இருந்துக்கிட்டு ஏ.சி. தண்ணியை வாளியில பிடிக்கிறியா?" என்று திருச்சியில் இருக்கும் என் தங்கை கேலி செய்வாள். அவளுக்கு ஆறு பக்கத்திலேயே ஓடுகிறது. மேட்டூரை ஜூன் 12-இல் திறந்தாலும் எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்து சேர நாளாகும். 2024-இல் ஜூலை கடைசியில்தான் திறந்தார்கள். அதுவரை கொல்லைக்கு போர் தண்ணீர்தான், அதுவும் உப்பு.

அந்த உப்பிலிருந்துதான் இந்தப் பதிலைத் தொடங்க வேண்டும். ஏனென்றால் நான் ஏழு வருடத்துக்கு முன் இதே கேள்வியோடு தொடங்கி, உப்பை மறந்ததால் ஒரு வாழைக் குலையையே இழந்தேன்.

அப்போது குடிக்கிற தண்ணீரில் உப்பைக் குறைக்கும் ஆர்.ஓ. மெஷினைப் புதிதாக மாட்டியிருந்தோம். ஒரு குடம் நல்ல தண்ணீர் பிடித்தால் இரண்டு குடம் சாக்கடைக்குப் போகிறது என்று பார்த்ததும் மனசு கேட்கவில்லை. அந்த மெல்லிய வெள்ளைக் குழாயை நீட்டிச் சமையலறை ஜன்னல் வழியாகக் கொல்லை வாழைக்கு விட்டுவிட்டேன். அந்தக் காலத்தில் கிணற்றடித் தண்ணீர் வாழைக்குப் போனதுதானே, அதே மாதிரிதான் இதுவும் என்று நினைப்பு. சித்திரை முடிவதற்குள் இலையின் ஓரம் நெடுகக் கருகி, தீயில் வாட்டியது போல் சுருண்டுவிட்டது. சாப்பாட்டுக்கு இலை நறுக்கப் போன அத்தை, கத்தியும் கையுமாகத் திரும்பி வந்து, "ஏம்மா, மருந்து கிருந்து ஏதாவது அடிச்சியா? ஒரு இலை தேறலையே" என்றார்கள். தள்ளியிருந்த குலையும் விரல் விரலாக மெலிந்து போயிற்று.

அப்புறம்தான் 300 ரூபாய்க்கு ஒரு டி.டி.எஸ். மீட்டர் வாங்கினேன். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று காட்டும். போர் தண்ணீர் 1100. ஆர்.ஓ. குடிக்கத் தருவது 70. கழித்து வெளியே தள்ளுவது 1600. கணக்கு எளிது: மூன்று குடத்து உப்பு இரண்டு குடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. வாழையோ உப்புத் தாங்காத பயிர். கிணற்றடி வாழை செழித்தது கிணற்றுத் தண்ணீர் நல்ல தண்ணீராக இருந்ததால்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டுக்குக் கொள்ளிடம் கூட்டுக் குடிநீர் மாதிரி நல்ல தண்ணீர் வருகிறது, மீட்டரில் 500-க்குக் கீழே காட்டுகிறது என்றால், உப்பைக் குறைக்க ஆர்.ஓ. தேவையே இல்லை. அப்படிப்பட்ட இடங்களில் அதைத் தடை செய்யச் சொல்லி 2019-இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயமே உத்தரவிட்டது. காய்ச்சிக் குடித்தால் போதும். கழிவு நீரை என்ன செய்வது என்ற கேள்வியே அங்கே எழாது.

எங்களுக்கு ஆர்.ஓ. இல்லாமல் முடியாது. அதனால் அந்த 1600 தண்ணீர் இப்போது ஒரு 20 லிட்டர் கேனில் விழுகிறது. கக்கூசுக்கு ஊற்ற, வாசல் தெளிக்க, பாத்திரத்தை முதல் தடவை அலச, செருப்பு கழுவ என்று சாயங்காலத்துக்குள் தீர்ந்துவிடும். வீடு துடைத்தால் மட்டும் கறுப்புத் தரையில் வெள்ளைத் திட்டுத் தெரியும்.

ஏ.சி. தண்ணீர் இதற்கு நேர் எதிர். காற்றில் இருக்கும் ஈரம் குளிர்ந்து சொட்டுவது, மீட்டரில் 20, 25 தாண்டாது. கடலோரக் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்? ஒன்றரை டன் ஏ.சி. ராத்திரி முழுக்க ஓடினால் காலையில் பத்து லிட்டர் வாளி நிரம்ப இருக்கும். கறிவேப்பிலைக்கும் தொட்டி ரோஜாவுக்கும் அதைத்தான் ஊற்றுகிறேன். ஜன்னல் கண்ணாடி துடைக்க, இஸ்திரிப் பெட்டிக்குத் தெளிக்க, இதை மிஞ்சிய தண்ணீர் கிடையாது, கறையே விழாது. குடிக்க மட்டும் கூடாது. உள்ளே இருக்கும் தூசியையும் பாசியையும் தொட்டுக்கொண்டு வருவது அது. இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றலாமா என்று பலர் கேட்கிறார்கள். நான் ஊற்றுவதில்லை. அதற்கென்று விற்கும் தண்ணீரின் விலை, பேட்டரி விலைக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

ஒரு சின்னத் தந்திரம்: 20 லிட்டர் ஆர்.ஓ. கழிவோடு பத்து லிட்டர் ஏ.சி. தண்ணீரைக் கலந்தால் உப்பு 1100-க்கு இறங்கிவிடும், அதாவது போர் தண்ணீர் அளவுக்கு. கோடையில் கேன் மிச்சமானால் இப்படிக் கலந்து தென்னைக்கு விடுவேன். தென்னை உப்புக்கு அசராது.

சரி, வாஷிங் மெஷின். தண்ணீர் அதிகம் கிடைப்பதும் தப்பு செய்ய வாய்ப்பு அதிகம் உள்ளதும் இதில்தான். எங்களுடையது முன்பக்கக் கதவு வைத்தது. வாளி வாளியாகப் பிடித்து அளந்து பார்த்தேன், ஒரு தடவை துவைத்தால் 55, 60 லிட்டர். மெஷினுக்குப் பின்னால் இடுப்பு உயரத்தில் கொக்கி போட்டு மாட்டியிருந்த டியூபைக் கழற்றி, தரையோடு தரையாகத் தென்னம் பாத்திக்கு விட்டேன். மெஷின் ஓடுகிறது, ஓடுகிறது, முடியவே இல்லை. போய்ப் பார்த்தால் உள்ளே துணி வறட்சியாகச் சுற்றுகிறது, பாத்தியில் தண்ணீர் ததும்புகிறது. டியூபின் வாய் கீழே இருந்ததால் நிரம்ப நிரம்பத் தானாகவே உறிஞ்சி வெளியே போய்க்கொண்டிருந்தது. மேல்தொட்டியில் பாதி காலி. பிளம்பர் தம்பி வந்து, "அக்கா, இது வளைஞ்சு மேல ஏறித்தான் இறங்கணும்" என்று பழைய கொக்கியிலேயே மாட்டி, அது ஊற்றும் இடத்தில் ஒரு டிரம்மை வைத்து, டிரம்மின் அடியிலிருந்து பாத்திக்குக் குழாய் எடுத்துக் கொடுத்தார். டிரம் வாயில் ஒரு பழைய நைலான் துணியைக் கட்டியிருக்கிறேன். வாரம் ஒருமுறை அவிழ்த்தால் பூனைக்குட்டி அளவுக்குப் பஞ்சு இருக்கும்.

மெஷின் தள்ளும் முதல் தண்ணீர், ஒரு வாளிதான் வரும், சோப்பு பெரும்பாலும் அதில்தான். அதைச் செடிக்கு விடுவதில்லை. சோப்புப் பவுடரில் சோடா இருக்கிறது. எங்கள் ஊர்க் களிமண்ணில் அது தொடர்ந்து இறங்கினால் மண் அடைத்துக்கொள்ளும். ஒரு பாத்தியில் அப்படி ஆயிற்று. மேலே பாலாடை மாதிரி ஒரு படலம், ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினால் கால் மணி நேரம் கண்ணாடி போல நின்றது. அத்தை காலால் நிரவிப் பார்த்துவிட்டு "களர் ஆயிடுச்சு" என்றார்கள். களர் வயலுக்குப் போடுகிற ஜிப்சத்தைப் போட்டு, ஒரு மழைக்காலம் நனைய விட்ட பிறகுதான் சரியானது. இப்போது பவுடரை விட்டு லிக்விடுக்கு மாறிவிட்டோம், அதில் இந்தச் சோடா உப்பு பொதுவாகக் குறைவு. முதல் வாளி சிமெண்ட் தளம் கழுவப் போகிறது. அலசிய தண்ணீர் தென்னைக்கும் டிரம் ஓரத்துக் கல்வாழைப் பூச்செடிக்கும். பாத்தியில் தேங்காய் உரித்த மட்டையைப் புதைத்திருப்பதால் ஈரம் நிற்கும். கீரைக்கும், பச்சையாகச் சாப்பிடும் எதற்கும் இந்தத் தண்ணீர் வேண்டாம். குழந்தையின் மலத்துணி துவைத்த அன்று எதற்குமே வேண்டாம்.

டிரம்மில் ஒரு ராத்திரிக்கு மேல் வைக்காதீர்கள், மறுநாள் நாற்றம் தாங்காது. கொசுவும் வரும். கொசு என்றதும் நினைவு வருகிறது: ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் ஒரு தட்டு இருக்கும், பெரும்பாலும் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. அதில் தேங்கும் தண்ணீர் எதற்கும் உதவாத அளவு கொஞ்சம், ஆனால் டெங்கு கொசு முட்டையிட அது போதும். வாரம் ஒருமுறை கொட்டித் துடைத்துவிடுங்கள்.

ஐப்பசி பிறந்தால் இத்தனை ஏற்பாட்டையும் நிறுத்திவிடுவேன். அடைமழையில் கொல்லையே குளமாக நிற்கும், நிலத்தடி நீர் ஒரு முழத்தில் இருக்கும், உறிஞ்சுகுழி வெட்டியவர்கள் வீட்டில் குழி மேலே பொங்கி வழியும். டிரம் குழாயைத் தெருச் சாக்கடைப் பக்கம் திருப்பிவிடுவேன். வருடம் முழுக்கப் பாத்தியில் சேர்ந்த உப்பை அந்த இரண்டு மாத மழை அலசிக்கொண்டு போகும். பொங்கல் கழிந்து, மண்வெட்டி பதிகிற அளவுக்குத் தரை இறுகியதும் குழாயை மறுபடி தென்னைக்கு.