ஏலச்சீட்டு எடுத்த பணத்தில் கோவா போக்கர் போட்டிக்குப் போகலாமா?

கேள்வி: எனக்கு வயது 33. கிருஷ்ணகிரி பக்கத்தில் ஒரு மாங்கூழ் தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். சில வருடங்களாக ஆன்லைனில் போக்கர் என்ற பணம் வைத்து ஆடும் சீட்டாட்டம் ஆடினேன், பெரும்பாலும் ஜெயித்தேன். 2025 ஆகஸ்டில் தடைச் சட்டம் வந்ததோடு நின்றுவிட்டது. இப்போது கோவா கேசினோவில் நடக்கும் போக்கர் போட்டிக்குப் போக ஆசை. ஏலச்சீட்டு எடுத்த ஒரு லட்சத்து இருபதாயிரம் கையில் இருக்கிறது. மனைவியிடம் கம்பெனி டிரெய்னிங் என்று சொல்லிவிட்டுப் போகலாமா? நன்றாக அமைந்தால் வேலையை விட்டுவிடலாமா? போட்டி ஜூனில் வருகிறது, லீவு கேட்கவும் தயக்கமாக இருக்கிறது.
பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: தம்பி, கோவாவுக்குப் போங்கள். ஆனால் சீட்டுப் பணத்தை எடுத்துக்கொண்டு போகாதீர்கள், வீட்டில் பொய் சொல்லிவிட்டும் போகாதீர்கள்.

போவதில் சட்டச் சிக்கல் இல்லை. கோவாவில் அரசு உரிமத்தோடுதான் கேசினோக்கள் நடக்கின்றன, பணஜியில் மாண்டவி ஆற்றில் நிற்கும் கப்பல்களிலும், பெரிய ஓட்டல்களிலும். 21 வயது நிறைந்திருக்க வேண்டும். அடையாள அட்டையும் பான் கார்டும் கையில் இருக்கட்டும்.

இனி பணத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் ஜெயித்த பேச்சு இருக்கிறது, தோற்ற தொகை ஒரு இடத்திலும் இல்லை. நீங்கள் கணக்குப் பார்ப்பவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை வங்கி ஸ்டேட்மென்ட்டை எடுத்து, அந்த ஆப்களுக்குப் போன பணம் எவ்வளவு, திரும்பி வந்தது எவ்வளவு என்று கூட்டிப் பாருங்கள். அந்த எண் தெரியாமல் பஸ் ஏறக் கூடாது.

போட்டியின் கணக்கு வேறு மாதிரி. பொதுவாக ஆட வந்தவர்களில் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பேருக்குத்தான் பணம் கிடைக்கும். மீதிப் பேருக்குக் கட்டிய பை-இன், அதாவது நுழைவுப் பணம், போனதோடு சரி. பரிசுப் பட்டியலில் கடைசியாக நுழைபவருக்குக் கட்டியதைப் போல ஒன்றரை மடங்கோ இரண்டு மடங்கோதான் வரும். நீங்கள் 20,000 கட்டி, 40,000 ஜெயித்ததாகவே வைத்துக்கொள்வோம். சீட்டாட்டத்தில் ஜெயித்த பணத்துக்கு வருமான வரி 30 சதவீதம், அந்த வரித் தொகையின்மேல் செஸ் என்ற கூடுதல் வரி 4 சதவீதம். முழுப் பரிசுக்கும் கணக்கிட்டால் வரி 12,480 ரூபாய். மிச்சம் 27,520. பை-இன் போக உங்கள் லாபம் 7,520. போக்குவரத்து, ரூம், சாப்பாடு எல்லாம் இதற்குள் அடங்குமா? பயணச் செலவைக் கழித்துக் காட்டவும் சட்டம் இடம் தராது. முதல் தடவை வெளியேறி, ரீ-என்ட்ரிக்கு, அதாவது மறுபடி உள்ளே நுழைய, இன்னொரு 20,000 கட்டியிருந்தீர்கள் என்றால், பரிசு வாங்கியும் 12,480 ரூபாய் நஷ்டத்தோடு திரும்புவீர்கள்.

நன்றாக ஆடினால் போதாதா என்று கேட்பீர்கள். உங்கள் கையில் போக்கரிலேயே மிகச் சிறந்த தொடக்கமான இரண்டு ஏஸ், எதிராளி கையில் அதற்கு அடுத்த இரண்டு கிங், இருவரும் ஆல்-இன், அதாவது இருப்பதையெல்லாம் வைத்துவிட்டீர்கள். உங்கள் ஆட்டத்தில் ஒரு தவறும் இல்லை. அப்படியும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு தடவை தோற்பீர்கள். ராயக்கோட்டை மண்டிக்கு முதல் தரத் தக்காளி கொண்டுபோனவர்கூட அன்றைய விலைக்குத்தானே கட்டுப்பட வேண்டியிருக்கிறது? திறமை பலன் தருவதற்கு நிறையப் போட்டிகள் ஆட வேண்டும். ஒரே பயணத்தை வைத்து எதையும் முடிவு கட்ட முடியாது.

எனக்குப் பெரிய கவலை, நீங்கள் போட்டியில் தோற்ற பிறகு வரும் நேரம்தான். மாலை ஆறு மணிக்கு ஆட உட்கார்ந்து எட்டு மணிக்கு வெளியேறிவிட்டீர்கள் என்று வையுங்கள். ஊர் திரும்ப இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. மனசு சுட்டுக்கொண்டிருக்கும், பக்கத்திலேயே ரூலெட், பக்காரா, அந்தர் பாஹர் என்ற சூதாட்ட டேபிள்கள். போக்கரில் நீங்கள் மற்ற ஆட்டக்காரர்களோடு மோதுகிறீர்கள், கேசினோ தன் கட்டணத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும். அந்த டேபிள்களில் மோதுவது கேசினோவோடு, விதிகளே அதற்குச் சாதகமாக அமைந்தவை. உங்கள் போக்கர் திறமைக்கு அங்கே வேலையே இல்லை. போட்டிக்கு வந்து தோற்றதைவிட, விட்டதைப் பிடிக்கப்போய் அங்கே தோற்பதுதான் பெரிய தொகையாக இருக்கும். அதனால் பை-இன் பணத்தை மட்டும் கொண்டுபோங்கள். ஏடிஎம் கார்டை வீட்டில் வைத்துவிடுங்கள், போன் பேமென்ட்டுக்கும் தினசரி வரம்பைக் குறைத்துவிடுங்கள்.

அப்புறம், ஆன்லைனில் மட்டுமே ஆடியவருக்கு நேரடி டேபிள் புதிது. எதிராளி பந்தயம் வைத்த பிறகு 'ரெய்ஸ்' (பந்தயத்தை ஏற்றுகிறேன்) என்று வாயால் சொல்லாமல் ஒரே ஒரு பெரிய சிப்பை (பணத்துக்குப் பதிலாக வைக்கும் வில்லை) தூக்கி வைத்தால் அது வெறும் 'கால்' (அவர் வைத்ததற்குச் சமமாக வைப்பது) என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். உங்கள் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். சொன்ன வார்த்தையைத் திரும்பப் பெற முடியாது. கார்டுகள் மேல் ஒரு சிப்பை வைத்துக் காத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் கார்டு பங்கிடும் டீலர் கழித்த கார்டுகளோடு சேர்த்து அள்ளிவிடக்கூடும். குடிக்க இலவசமாக வரும். ஆட்டம் முடியும்வரை தண்ணீர் போதும்.

சீட்டுப் பணத்தைத் தொடாதீர்கள். சீட்டை எடுத்துவிட்டீர்கள், ஆனால் மீதித் தவணைகளை மாதாமாதம் கட்டியாக வேண்டும். அது உங்கள் தலைமேல் நிற்கும் கடன். சம்பளத்தில் மாதம் கொஞ்சம் எடுத்து வைத்து, அது ஒரு பை-இன்னுக்கும் பயணச் செலவுக்கும் சேர்ந்ததும் கிளம்புங்கள். சேரும்போதே செலவான பணம் என்று எழுதிவிடுங்கள்.

மனைவியிடம் தேதி, தொகை, எல்லாவற்றையும் சொல்லுங்கள். அவர் கோபப்படலாம், 'வேண்டவே வேண்டாம்' என்றும் சொல்லலாம். அதைக் கேட்டாக வேண்டியது உங்கள் பொறுப்பு. அந்தச் சீட்டுத் தவணை அவருடைய அடுப்படிச் செலவிலிருந்தும்தான் போகிறது. பொய் சொல்லாமல் போக முடியாது என்று உள்ளுக்குள் தோன்றினால், அந்த ஆசை பொழுதுபோக்கைத் தாண்டிவிட்டது என்றுதான் எடுத்துக்கொள்வேன். அப்போது 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் பேசுங்கள். அரசின் இலவச மனநல உதவி எண், தமிழிலும் பேசலாம்.

வேலையை விடுவது பற்றி: வேண்டாம். 2003-ல் லாஸ் வேகாஸில் கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்காளர், ஆன்லைன் தகுதிப் போட்டி வழியாக ஒரு போக்கர் போட்டிக்கு வந்து 25 லட்சம் டாலர் வென்றார். நீங்களும் கணக்காளர், அந்தக் கதை உங்களை இழுக்கத்தான் செய்யும். அந்தப் போட்டியில் ஆட வந்தவர்கள் 839 பேர், முதலிடம் பிடித்தவர் அவர் ஒருவர்தான்.

லீவு விஷயம் சுலபம். ஜூன் உங்கள் தொழிற்சாலைக்கு மாங்காய் சீசன், லாரிகள் வரிசை கட்டி நிற்கும் நேரம். அந்த மாதம் கேட்காதீர்கள். அடுத்து வரும் போட்டி ஒன்றைப் பாருங்கள், பணம் சேரவும் அவ்வளவு நாள் ஆகும்.