மகளுக்கு ஐரிஷ் வேண்டாமா? ஒரு பாதிரியாரைப் பற்றிச் சொல்கிறேன்

தம்பி, டப்ளினில் எல்லோரும் ஆங்கிலம்தான் பேசுகிறார்கள், அப்புறம் ஏன் என் மகளுக்குப் பள்ளியில் அயர்லாந்தின் சொந்த மொழியான ஐரிஷ், விலக்கு வாங்கிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். பிள்ளை தொடக்கப் பள்ளியில்தானே படிக்கிறாள்? படிக்கட்டும், விடுங்கள். இந்த மொழிக்காக இங்கே மனிதர்கள் எப்படி உழைத்தார்கள் என்று தெரிந்தால் விலக்குக் கேட்க உங்களுக்கே மனசு வராது.

எனக்கு ரொம்பப் பிடித்தவர் பாதிரியார் பாட்ரிக் டினீன். 1860இல் அயர்லாந்தின் தென்மேற்கிலுள்ள கெர்ரியில், ரத்மோர் பக்கம் பிறந்தவர். 1840களின் பெரும்பஞ்சத்தில் செத்தவர்களிலும் கப்பலேறியவர்களிலும் ஐரிஷ் பேசிய ஏழைகளே அதிகம். மிஞ்சியவர்கள், பிள்ளைக்கு ஆங்கிலம் வந்தால் பிழைத்துக்கொள்வான் என்று நினைத்தார்கள். அந்த நினைப்பு ஊறிப்போன காலத்தில் வளர்ந்தவர் டினீன். இயேசு சபையில் சேர்ந்து குருவானார். 1900இல் சபையை விட்டு விலகினாலும் பாதிரியாராகவே இருந்தார். அதன்பின் அவருடைய நாட்கள் பெரும்பாலும் டப்ளின் கில்டேர் தெருவிலுள்ள தேசிய நூலகத்தில்தான் கழிந்தன.

தன் மண்ணின் கவிஞர் ஏகான் ஓ ராஹலியின் பாடல்களைப் பதிப்பித்தார். நாவல் எழுதினார். 17ஆம் நூற்றாண்டில் ஜெஃப்ரி கீட்டிங் என்ற இன்னொரு பாதிரியார் ஐரிஷில் எழுதிய அயர்லாந்து வரலாறு, வெகுகாலம் கையெழுத்துப் பிரதிகளாகவே ஊர் ஊராகச் சுற்றியது. அதன் முதல் தொகுதியை டேவிட் காமின் என்பவர் பதிப்பித்தார். மீதியை ஆங்கில மொழிபெயர்ப்போடு 1914க்குள் முடித்தவர் டினீன். இது ஒன்றே ஒரு ஆயுளுக்குப் போதும்.

ஆனால் அவர் பெயரை நிலைநிறுத்தியது 1904இல் வந்த ஐரிஷ்-ஆங்கில அகராதி. பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1916 ஈஸ்டர் எழுச்சியில் டப்ளின் எரிந்தபோது அதன் அச்சுத் தகடுகளும் அழிந்துபோயின. அவர் பழையதையே திரும்ப அச்சிடவில்லை. மறுபடி உட்கார்ந்து, மேலும் மேலும் சேர்த்து, 1927இல் வெகுவாக விரிந்த பதிப்பாகக் கொண்டுவந்தார். பழமொழி, பாட்டு வரி, உழவு, மீன்பிடி, வீட்டு வைத்தியம் எல்லாம் அதில் உண்டு. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் ஒரு கிராமமே பேசும். 1934இல் இறந்தார், டப்ளினின் கிளாஸ்நெவின் கல்லறையில் அடக்கம்.

சரி, வீட்டுப்பாடத்துக்கு அந்த அகராதியை வாங்கிவிடாதீர்கள். எழுத்து வடிவமும் பழசு, எழுத்துக்கூட்டலும் பழசு, பிள்ளை குழம்பிவிடுவாள். 1977இல் வந்த ஓ டோனாலின் அகராதி இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, அதைப் பாருங்கள். மாலையில் அவள் படிக்கும்போது நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள்.