நாராவில் சைக்கிள்: கேட்டதும் சொன்னதும்

ஜப்பானின் பழைய தலைநகரமான நாராவை சைக்கிளில் சுற்றுவது பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். லீவு கிடைத்தாலே அங்கே போய் வாடகை சைக்கிள் எடுப்பவன் என்பதால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அண்ணா, எனக்கு இருப்பது ஒரே நாள். தோதாய்ஜி புத்தர் கோயில், மான் பூங்கா, கசுகா கோயில் எல்லாவற்றையும் சைக்கிளிலேயே முடித்துவிடலாமா?

வேண்டாம் தம்பி. அந்தக் கிழக்குப் பக்கம் முழுக்க மேடு, கூட்டம் வேறு. கோயில் வளாகத்துக்குள் ஓட்டவும் முடியாது. விடிந்ததும் அதை நடந்தே பார்த்துவிடுங்கள். சைக்கிள் எடுத்தால் மேற்கே போக வேண்டும்.

மேற்கில் என்ன இருக்கிறது? மேப்பில் வெறும் பொட்டலாகத் தெரிகிறதே?

அந்தப் பொட்டல்தான் ஹெய்ஜோ அரண்மனை இருந்த இடம். 710-இல் தலைநகரம் இங்கே வந்தது. 784-இல் அரசவை வேறு ஊருக்குப் போனபின் காலப்போக்கில் எல்லாம் வயலாகிவிட்டது. தெற்கு வாசலான சுசாகு வாயிலை 1998-இலும், அரசரின் கொலு மண்டபத்தை 2010-இலும் திரும்பக் கட்டினார்கள். வாயிலில் நின்று பார்த்தால் மண்டபம் தூரத்தில் சின்னதாகத் தெரியும். மிதிக்க மிதிக்கத்தான் அந்த ஊர் எவ்வளவு பெரிதாக இருந்தது என்று காலுக்குப் புரியும். நடுவில் கின்டெட்சு ரயில் தண்டவாளம் குறுக்கே ஓடுகிறது. கேட் போட்டால் சைக்கிளைப் பிடித்தபடி புல்வெளி நடுவே காத்து நிற்பேன். எனக்கு நாராவில் மிகப் பிடித்த இடம் அதுதான்.

அங்கிருந்து தோஷோதாய்ஜி, யகுஷிஜி கோயில்கள் இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் என்றால்?

இரண்டுக்கும் நடுவே சைக்கிளில் ஐந்து நிமிடம்கூட ஆகாது. அகிஷினோ ஆற்றங்கரையோடு தெற்கே வாருங்கள், சமதரைதான். ஒன்றே ஒன்று என்றால் தோஷோதாய்ஜி. ஐந்து முறை முயன்றும் கடல் தாண்ட முடியாமல், கண் பார்வையும் போய், ஆறாவது முறை ஜப்பான் வந்து சேர்ந்த சீனத் துறவி கன்ஜின் 759-இல் நிறுவியது. முன்மண்டபத்தின் எட்டு மரத்தூண்களையும் பக்கத்தில் போய்ப் பாருங்கள், இடைப்பகுதி லேசாகப் புடைத்திருக்கும். பிறகு பின்னால் பாசி படர்ந்த தோப்புக்குள் அவர் சமாதி வரை நடந்துவிட்டு வாருங்கள்.

யகுஷிஜியின் கிழக்குக் கோபுரம் 730-ஐச் சேர்ந்தது. மூன்றே அடுக்குதான், இடைக்கூரைகளால் ஆறு அடுக்கு போலத் தெரியும்.

சார், நம் பக்கத்திலிருந்து யாரோ ஒரு துறவி நாரா போனதாகப் படித்தேன். உண்மையா?

உண்மைதான். போதிசேனர். தென்னிந்தியாவைச் சேர்ந்தவர் என்று ஜப்பானியப் பதிவுகள் சொல்கின்றன. 736-இல் வந்தார். 752-இல் தோதாய்ஜி பெரிய புத்தருக்குக் கண் திறந்தவர் அவரே. அவர் பிடித்த தூரிகையில் நீளமான நீலக் கயிறு கட்டி, கூடியிருந்தவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்களாம். தூரிகையும் கயிறும் ஷோசோயின் களஞ்சியத்தில் இன்றும் பத்திரமாக இருக்கின்றன. நினைக்கும்போதெல்லாம் எனக்கு மயிர்க்கூச்செறியும்.

சைக்கிளில் போனால் போலீஸ் பிடிக்குமா?

நம் ஊர் போலவே இடப்பக்கம் ஓட்டுங்கள். நடைபாதையில் பொதுவாக அனுமதிப் பலகை இருந்தால் மட்டும் ஏறலாம், அங்கேயும் நடப்பவர்களுக்கே முதலிடம். குடை பிடித்துக்கொண்டு ஓட்டக் கூடாது. 2026 ஏப்ரல் முதல் 16 வயது நிரம்பிய யார் விதி மீறினாலும் சைக்கிளுக்கே அபராதச் சீட்டு உண்டு. போனைக் கையில் பிடித்து ஓட்டினால் 12,000 யென். வழி பார்க்க வேண்டுமென்றால் ஓரமாக நிறுத்திப் பாருங்கள். ஹெல்மெட்டும் கேட்டு வாங்குங்கள்.

அம்மாவுக்கு 62 வயது. ஹோர்யுஜி கோயில் வரை ஓட்டுவாரா?

நாரா ஸ்டேஷனிலிருந்து போக மட்டுமே சுமார் 12 கிலோமீட்டர், திரும்பியும் வர வேண்டும். உலகின் மிகப் பழைய மரக்கட்டடங்கள் அங்கேதான் என்பதால் விடவும் மனசு வராது. அம்மாவை ரயிலில் கூட்டிப் போங்கள். யகுஷிஜி வரை மட்டும் பேட்டரி சைக்கிள் எடுத்துக் கொடுங்கள், மிதிக்கிற பாரமே தெரியாது. பல வாடகைக் கடைகள் சாயங்காலம் சீக்கிரமே மூடிவிடும். எடுக்கும்போதே நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.