பதில்: காட்டெருமை வேட்டைக் கணக்கு எங்கே இடறுகிறது?

வணக்கம். 1870களின் அமெரிக்கச் சமவெளியில் நடந்த காட்டெருமைத் தோல் வேட்டையை ஓர் உற்பத்தி வரிசையின் கணக்கு மாதிரியாக வரைந்து, சுடுபவர்களை இரட்டித்தும் விளைச்சல் கூடவில்லையே என்று கேட்டிருந்தீர்கள். கூடாதுதான். வரிசையின் வேகத்தைக் கட்டிப்போடும் இறுக்கம் துப்பாக்கியில் இல்லை, தோல் உரிக்கும் கத்தியில் இருக்கிறது.

ஒரு குழுவில் சுடுபவர் பெரும்பாலும் ஒருவரே. தோல் உரிப்பவர்கள் இரண்டு மூன்று பேர், கூடவே சமையலும் வண்டியும் பார்க்க ஓர் ஆள். தேர்ந்த கை, மந்தையை மிரளவிடாமல் தொலைவிலிருந்து ஒவ்வொன்றாகச் சாய்த்துக்கொண்டே போகும். ஆனால் உடல் விறைத்துவிட்டால் தோலை உரிப்பது பெரும்பாடு. அதனால் அன்று உரிக்க முடிந்த அளவுக்கே சுடுவார்கள். உரித்த தோலைச் சதைப்பக்கம் மேலே தெரிய விரித்து, ஓரமெங்கும் முளை அடித்துக் காயவைக்க வேண்டும். இந்தக் காயும் நாட்களையும் வண்டிப் பயணத்தையும் நீங்கள் காத்திருப்பு நேரத்தில் சேர்க்கவே இல்லை.

தேவைப் பக்கத்தையும் திருத்துங்கள். 1871 வாக்கில் இத்தோலைப் பதனிடும் முறை கைவந்தது. ஆலை இயந்திரங்களின் பெல்ட்டுக்குத் தோல் போனது. 1872இல் வேட்டைப் பகுதியான கான்சாஸின் டாட்ஜ் சிட்டிக்கு ரயில் வந்தது; தோலை அனுப்புவது எளிதானது.

மாதிரியில் நீங்கள் மந்தையை வற்றாத கிடங்காக வைத்திருப்பதுதான் என்னை உறுத்துகிறது. பெண் காட்டெருமை ஆண்டுக்கு ஒரு கன்றுக்கு மேல் ஈனாது. அந்த வேகத்தை மாதிரியில் போட்டு ஓட்டிப் பாருங்கள். தெற்குச் சமவெளி மந்தையைத் தொடர்ந்து 1883 வாக்கில் வடக்கு மந்தையும் ஏன் தீர்ந்தது என்பது உங்கள் தாளிலேயே தெரியும்.